சுங்கை சிப்புட் ஃபோட்டோஸ்டாட் கடை: காதால் படிப்பவர்களுக்கு ஒரு சிபாரிசு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் என்றால் பெரியவர்கள் 1948 ஜூன் 16 என்பார்கள். எல்பில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலும் வெள்ளைக்காரத் துரைமார் மூன்று பேர் சுடப்பட்டு, அவசரகாலம் பிறந்த கதை. அவர்களுக்கு அடுத்த தலைமுறை அரசியல் தலைவர் துன் சம்பந்தன் ஊர் என்று சொல்லும். என்னைக் கேட்டால் டவுன் கடைவரிசையில் இருக்கும் ஒரு ஃபோட்டோஸ்டாட் கடையைத்தான் முதலில் சொல்வேன்.

அங்கே வழக்கமான எல்லா வேலையும் நடக்கிறது. அடையாளக் கார்டு நகல், லேமினேட், பாஸ்போர்ட் படம், உதவித்தொகைப் பாரம் நிரப்புவது, கல்யாணப் பத்திரிகை. இவற்றோடு போர்டில் எழுதாத ஒரு வேலையும் உண்டு. பல்கலைக்கழக போர்ட்டலிலிருந்து இறக்கிய பாடக்குறிப்பைக் கொடுத்தால், கண் தெரியாதவரும் காது கேளாதவரும் பயன்படுத்தும்படி மாற்றித் தருகிறார்கள். நடத்துபவர் ஓர் அக்கா. முன்பு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவர். "எழுதுங்க தம்பி, ஆனா கடைப் பேரு, என் பேரு ரெண்டும் வேணாம்" என்று சொல்லிவிட்டார். தேவைப்படுகிறவர்கள் டவுனில் யாரையாவது கேட்டாலே கை காட்டிவிடுவார்கள், ஊர் அவ்வளவுதான்.

என் விவரம் சுருக்கமாக. ஹீவூட் தோட்டத்துப் பையன். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய், பரம்பரையாக வருவது. ஓரப்பார்வை முதலில் போகும், அப்புறம் நடுவும் மங்கும். இப்போது புட்டுக்குழல் வழியாகப் பார்க்கிற மாதிரி ஒரு வட்டம் மிச்சம் இருக்கிறது. அதிலும் எழுத்து நிற்பதில்லை. தோட்ட ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலையை விட்ட பிறகு, பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டே பகுதிநேரமாகத் தமிழ்க்கல்வியில் பட்டம் படிக்கிறேன். எல்லாம் ஆன்லைன். எந்தப் பல்கலைக்கழகம் என்பதை விட்டுவிடுகிறேன். நான் சொல்லப்போகும் குறையை வேறு இடங்களில் படிக்கும் நண்பர்களும் அப்படியே சொல்கிறார்கள்.

மடிக்கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் வைத்திருக்கிறேன்; திரையில் இருக்கும் எழுத்தைக் குரலில் வாசிக்கும் மென்பொருள் அது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கி, நண்பர் ஜேம்ஸ் டெஹ்வுடன் சேர்ந்து வளர்த்தது. இருவருமே பார்வையற்றவர்கள். இலவசமாக யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதோடு வரும் குரல் தமிழும் மலாயும் ஆங்கிலமும் பேசும். முதலில் கேட்பவருக்குச் சிரிப்பு வரும்; பழகிவிட்டால் வேகத்தைக் கூட்டி, மனிதர் படித்துக் காட்டுவதைவிட விரைவாகக் கேட்டு முடித்துவிடலாம். ஆகவே என் கஷ்டம் கருவியால் வந்ததில்லை. கருவியின் வாயில் என்ன போடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

போர்ட்டலில் என்ன போடுகிறார்கள்? புத்தகத்தின் ஒரு அதிகாரத்தை ஃபோட்டோஸ்டாட் மெஷினில் கவிழ்த்து, சாய்ந்தபடி ஸ்கேன் செய்து, பிடிஎஃப் என்று ஏற்றிவிடுவார்கள். பக்க ஓரத்தில் யாரோ ஒருவருடைய கட்டைவிரல்கூடத் தெரியும் என்று தங்கை சொல்வாள். கண்ணுக்கு அது பக்கம், கணினிக்கு வெறும் படம். என்விடிஏ அதைத் திறந்ததும் ஆவணம் காலி என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். நாற்பது பக்கம் இருந்தாலும் காலிதான்.

தமிழ்க் குறிப்புகளின் கதை இன்னும் மோசம். பழைய விரிவுரையாளர்களின் கோப்புகள் பல பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அந்த எழுத்துருவில் தமிழ் எழுத்தின் வடிவத்தை ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார வைத்திருப்பார்கள். திரையில் 'அம்மா' என்று அழகாகத் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். என்விடிஏவிடம் எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னால் எம், கே, செமிகோலன், கே, எச் என்று ஒப்பிக்கும். ஒரு முழு செமஸ்டரின் நன்னூல் குறிப்புகள் எனக்கு இப்படித்தான் வந்தன. எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக்குறி முறையான யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்துவிட்டது. முரசு அஞ்சல் மாதிரி ஒரு தமிழ் மென்பொருளை நம் நாட்டிலேயே உருவாக்கிக் கொடுத்த மக்கள் நாம். இருந்தும் தமிழ் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் பாமினியை விடவில்லை.

முன்பெல்லாம் தங்கைதான் வாசித்துக் காட்டுவாள். கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்து, 'வேற்றுமைத் தொகை' என்று தொடங்கிய இரண்டாவது நிமிடம் குரல் இழுக்கும். அவளைக் குறை சொல்ல முடியாது, நன்னூலைக் கேட்டால் நானே தூங்குவேன்.

சரி, கடைக்கு வருகிறேன். முதல் தடவை கோப்பைக் கொடுத்தபோது அக்கா கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, நீங்க காதால கேப்பீங்களா, எழுத்த பெருசாக்கிப் படிப்பீங்களா?" பல்கலைக்கழகத்தில் சேர்ந்த நாளிலிருந்து யாரும் என்னைக் கேட்காத கேள்வி அது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ அட்டையின் நகலை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அதில் பார்வைப் பிரிவு என்று இருந்தது, அதோடு சரி. பார்வைப் பிரிவில் இருப்பவர்களில் சிலர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பார்கள், சிலர் பிரெயில், சிலர் என்னைப் போல முழுக்கக் காது. ஒருவருக்குச் செய்த கோப்பு இன்னொருவருக்கு உதவாது. கோலகங்சாரிலிருந்து வரும் ஒரு பெண்ணுக்கு அக்கா ஸ்லைடுகளின் நிறத்தை மாற்றிக்கொடுப்பதைக் கேட்டிருக்கிறேன். வெள்ளைப் பின்னணியில் வெளிர்மஞ்சள் எழுத்து போட்டு ஸ்லைடு செய்யும் ஆசிரியர் ஒருவர் அவளுக்கு வாய்த்திருக்கிறார். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்று இணைய அணுகல் வழிகாட்டி நெறிகள் கேட்கின்றன. அக்காவுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கறுப்பில் மஞ்சள், கறுப்பில் வெள்ளை என்று இரண்டையும் காட்டி "எது கண்ணு கூசல?" என்பார். வேலை முடிந்தது.

ஸ்கேன் செய்த பக்கங்களை அவர் கூகுள் டிரைவில் போட்டு எழுத்தாக மாற்றுகிறார். இதை நாமும் செய்துகொள்ளலாம், மறைக்க ஒன்றுமில்லை. காசு கொடுப்பது அதற்கு அடுத்த வேலைக்கு. இயந்திரம் தமிழை வாசிக்கும்போது துணைக்காலை 'ர' என்று எடுத்துவிடும், 'எ'வுக்கும் 'ஏ'வுக்கும் தடுமாறும், புள்ளியை விழுங்கிவிடும். கண் உள்ளவர் படித்தால் தானாகத் திருத்திக்கொள்வார். காதுக்கு அந்த வசதி கிடையாது. 'பால்' என்பது 'பரல்' ஆகிவிட்டால், பொருட்பாலில் பரல் எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே அடுத்த மூன்று வரியைக் கோட்டை விட்டிருப்பேன். அக்கா வரி வரியாக ஒப்பிட்டுத் திருத்துகிறார். புரியாத இடத்தில் தானாக எதையும் நிரப்பமாட்டார். 'இங்கே மூலத்தில் தெளிவில்லை' என்று ஒரு குறிப்பு போட்டுவிடுவார்.

அடுத்தது தலைப்புகள். எழுத்தைத் தடிமனாக்கிப் பெரிதாக்கினால் பார்ப்பவருக்கு அது தலைப்பு, என்விடிஏவுக்கு இன்னொரு வரி. வேர்டில் தலைப்புக்கென்று இருக்கும் ஸ்டைலைப் போட்டால்தான் அதற்குத் தெரியும். அப்படிப் போட்டுவிட்டால், உலாவும் நிலையில் எச் விசையைத் தட்டத் தட்ட எழுத்தியல், சொல்லியல் என்று தலைப்பு தலைப்பாகத் தாவிவிடலாம். இன்செர்ட்டும் எஃப்7உம் சேர்த்து அழுத்தினால் தலைப்புகள் எல்லாம் பட்டியலாக வரும். பரீட்சைக்கு முதல் நாள் நூறு பக்கக் குறிப்பில் ஒரு நூற்பாவைத் தேடியவருக்கு இதன் அருமை புரியும். ஆசிரியருக்கு இது ஒரு கிளிக் வேலை.

நான் அசந்துபோனது அட்டவணையில்தான். சங்க இலக்கியப் பாடத்தில் ஐந்திணை பற்றிய ஒரு ஸ்லைடு. நிலம், பெரும்பொழுது, சிறுபொழுது, உரிப்பொருள் என்று வண்ணப் பெட்டிகள் போட்டு, முழுவதையும் ஒரே படமாக ஒட்டியிருந்தார்கள். முன்பு ஒரு நண்பர் அதை எழுத்தாக்கித் தந்தபோது பெட்டிகள் கலைந்து, "குறிஞ்சி முல்லை மருதம் நெய்தல் பாலை மலை காடு வயல்" என்று ஒரே மூச்சில் ஓடியது. எந்தத் திணைக்கு எந்தப் பொழுது என்று பிடிக்கவே முடியவில்லை. அக்கா அதைத் தள்ளி வைத்துவிட்டு, "இந்தப் படத்துல வாத்தியாரு என்ன சொல்ல வர்றாரு?" என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். உண்மையான அட்டவணையாகப் போட்டு, முதல் வரிசையைத் தலைப்பு வரிசை என்று குறித்து, எந்தக் கட்டத்தையும் இன்னொன்றோடு ஒட்டாமல் வைத்தார். இப்போது கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் பிடித்துக்கொண்டு அம்புவிசையைத் தட்டினால், குறிஞ்சி வரிசையில் 'நிலம், மலை', 'சிறுபொழுது, யாமம்' என்று கட்டம் கட்டமாகச் சொல்கிறது. ஒரு விசை கீழே இறங்கினால் முல்லைக்கு மாலை. மருதத்துக்கு வைகறை, நெய்தலுக்கு எற்பாடு, பாலைக்கு நண்பகல். வருடக்கணக்கில் உருப்போட்ட பாடம் அன்றைக்குத்தான் எனக்குக் கட்டம் கட்டமாக மனதில் விழுந்தது.

படங்களுக்கு விளக்கம் எழுதுவதிலும் அவர் தனி ரகம். நிறையப் பேர் 'படம் 3' என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சிலர் பின்னணி நிறம் முதல் ஓரத்துப் பூ வரை வர்ணித்து என் பொறுமையைச் சோதிப்பார்கள். அக்கா பாடத்துக்குத் தேவையானதை இரண்டு வரியில் எழுதுவார். வெறும் அலங்காரப் படமாக இருந்தால் அலங்காரம் என்று குறித்துவிடுவார். என்விடிஏ அதைத் தாண்டிப் போய்விடும்.

நம் நாட்டுப் பாடக்குறிப்பில் தமிழுக்கு நடுவே மலாயும் ஆங்கிலமும் வராமல் இருக்காது. மலாய் வரியை ஆங்கிலக் குரல் வாசித்தால் பள்ளி இன்ஸ்பெக்டர் யாரோ புதிதாக வந்துவிட்ட மாதிரி இருக்கும். அக்கா ஒவ்வொரு பகுதிக்கும் மொழியைக் குறித்துவிடுவதால் குரல் தானாக மாறிக்கொள்கிறது. கடைசியில் பிடிஎஃப் ஆக்கும்போது பிரிண்ட் வழியாகப் போகமாட்டார், சேவ் ஆஸ் வழியாகத்தான் போவார். பிரிண்ட் வழியாகப் போனால் இவ்வளவு நேரம் போட்ட தலைப்பும் அட்டவணைக் குறியும் உதிர்ந்துவிடும். நிறைய ஆபீஸ்களில் வேர்டில் ஒழுங்காகச் செய்துவிட்டு, இந்தக் கடைசிப் படியில்தான் கெடுக்கிறார்கள்.

நான் இந்தக் கடையை நம்புவதற்குக் காரணம் வேறு. அக்கா தன் கணினியிலும் என்விடிஏ போட்டு வைத்திருக்கிறார். வேலை முடிந்ததும் திரையை அணைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, விசைப்பலகையை மட்டும் வைத்து ஒரு பக்கத்தையாவது கேட்டுப் பார்த்த பிறகுதான் கொடுப்பார். கல்யாணப் பத்திரிகைக்கு வந்தவர்கள், கறுத்த திரைக்கு முன்னால் இந்தம்மா என்ன செய்கிறார் என்று முழிப்பார்களாம்.

காது கேளாதவர்களுக்கு வசனம் போடும் வேலையும் எடுக்கிறார். லிந்தாங் பக்கத்திலிருந்து வரும் அவருடைய அண்ணன் மகளுக்காக ஆரம்பித்தது. வகுப்பு வீடியோவில் விரிவுரையாளர் பாதி மலாய், பாதி ஆங்கிலம், நடுவில் 'என்னா புரியுதா' என்று பேசினால் இயந்திரம் போடும் வசனம் தாறுமாறாக வரும். அக்கா அதை வைத்துக்கொண்டு கையால் திருத்துகிறார். நான் இதைப் பயன்படுத்தியதில்லை. அந்தப் பெண் சொல்வதைப் பார்த்தால் வேலை சுத்தம், ஆனால் ரொம்ப மெதுவு. சைகை மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் இங்கே கிடைக்காது.

விலை: ஸ்கேன் பக்கம் மலாய், ஆங்கிலத்தில் இருந்தால் ஒரு வெள்ளி (ரிங்கிட்), தமிழ் என்றால் ஒன்றரை வெள்ளி. பாமினியை யூனிகோடுக்கு மாற்றுவது பக்கத்துக்கு முப்பது காசுதான், அது மென்பொருள் வேலை. படம் உள்ள ஸ்லைடு இரண்டு வெள்ளி. வீடியோ நிமிடக் கணக்கு. ஓகேயூ அட்டை காட்டினால் மொத்தத்தில் கொஞ்சம் தள்ளுபடி. உழைப்பைப் பார்த்தால் மலிவு. என் வருமானத்தைப் பார்த்தால், ஒரு செமஸ்டரில் ஒரு பாடத்துக்கே டியூஷன் காசில் நல்ல பங்கு போய்விடுகிறது.

குறைகளும் உண்டு. கடை அஞ்சடியில், அதாவது கடைமுன் நடைபாதையில், உயரமான படிக்கு மேலே இருக்கிறது. சாய்தளம் இல்லை. சக்கர நாற்காலியில் வரும் ஒரு தம்பி கீழே நின்றுதான் ஆள் விட்டுக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அக்காவிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். கட்டடச் சொந்தக்காரர் விடமாட்டேன் என்கிறார் என்பது பதில். ஒரு பலகையைச் சாய்த்து வைக்கச் சொந்தக்காரர் அனுமதி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. இதற்காகவே ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்.

இரண்டாவது, கணக்கு. ஆய்வுமுறைப் பாடத்தில் புள்ளியியல் சூத்திரங்கள் வந்தன. எழுத்தாக்கும் இயந்திரம் கூட்டுத்தொகைக் குறியான சிக்மாவை ஆங்கில ஈ என்று எடுத்துவிட்டது. சூத்திரத்தை வேர்டின் சமன்பாட்டு வசதியில் அடித்தால், மேத்கேட் என்ற மென்பொருள் வழியாக என்விடிஏ அதை வாசிக்கும். அக்கா அந்த வேலையை எடுக்கவில்லை. "எனக்குத் தெரியாதத அடிச்சுக் குடுத்தா உங்க பரீட்சைதான் போவும்" என்று அந்தப் பக்கங்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஏமாற்றம்தான். ஆனால் தப்பான சூத்திரத்தோடு பரீட்சைக்குப் போகாமல் தப்பினேன்.

புத்தக அதிகாரத்தை இப்படி மாற்றலாமா, காப்புரிமை என்னாகும் என்று சிலர் கேட்கிறார்கள். அச்சைப் படிக்க முடியாதவர்களுக்கு அவர்கள் படிக்கக்கூடிய வடிவில் படி எடுக்க வழிவிடும் மாரகேஷ் உடன்படிக்கை 2013இல் வந்தது. மலேசியா 2022இல் அதில் சேர்ந்தது. அக்கா தன் பங்குக்கு, புத்தக அதிகாரம் என்றால் ஓகேயூ அட்டையைப் பார்த்துத்தான் வேலை எடுக்கிறார், வேறு யாருக்கும் அந்தக் கோப்பைக் கொடுப்பதில்லை.

இப்போது என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடை இவ்வளவு நன்றாக இருப்பது எனக்குச் சந்தோஷம், இந்தக் கடை எனக்குத் தேவைப்படுவது சந்தோஷம் இல்லை. உடற்குறையுள்ளோர் சட்டம் 2008 கல்விக்கும் தகவலுக்கும் நமக்கு உரிமை இருப்பதாகச் சொல்கிறது. இதையெல்லாம் எடுத்துக்காட்டி ஃபேக்கல்டிக்கு மின்னஞ்சல் எழுதினேன். பணிவாக ஒரு பதில் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்த பிடிஎஃப். திறந்தால் ஆவணம் காலி. அக்காவிடம் கொண்டுபோய் ஒரு வெள்ளி கொடுத்து, 'உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்பதைத் தெரிந்துகொண்டேன்.

பயன் கிடைத்தது அக்கா சொன்ன இன்னொரு வழியில். ஸ்கேனாக வரும் குறிப்புகளில் பாதிக்கு மேல் எங்கோ ஒரு விரிவுரையாளரின் கணினியில் வேர்ட் கோப்பாக உயிரோடுதான் இருக்கின்றன. பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, திரும்ப ஸ்கேன் செய்து அவர்களே அதைக் கொன்றுவிடுகிறார்கள். மூலக் கோப்பை அனுப்பும்படி விரிவுரையாளரைக் கேட்க, மலாயில் நான்கு வரிக் குறுஞ்செய்தி ஒன்றை அக்கா எழுதி வைத்திருக்கிறார். வேலை கொடுக்க வருகிறவர்களுக்கெல்லாம் முதலில் அதை அனுப்பி, "இத போட்டுப் பாருங்க, கெடைச்சிட்டா எனக்குக் காசு வேணாம்" என்கிறார். வியாபாரத்தை இப்படி நடத்தினால் எப்படி உருப்படுவார் என்று தெரியவில்லை. எனக்கு இரண்டு விரிவுரையாளர்கள் அனுப்பினார்கள். அதில் ஒருவர் அடுத்த வாரத்திலிருந்து தலைப்பு ஸ்டைல் போட்டே ஏற்றுகிறார். பாமினிக்காரர் இன்னும் பதில் போடவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பென்டிரைவில் கொண்டுபோவது நல்லது. வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். படமாகப் போனால் சுருங்கி எழுத்து கரைந்துவிடும். பக்கங்களை நீங்களே ஃபோனில் எடுப்பதாக இருந்தால் வெளிச்சத்தில், ஒரு பக்கத்துக்கு ஒரு படம். திங்கட்கிழமை கடை இல்லை. பள்ளி திறக்கும் வாரத்திலும் தீபாவளிக்கு முன்பும் போகாதீர்கள், மெஷின் முன்னால் வரிசை அஞ்சடி வரை நிற்கும். பரீட்சைக் குறிப்பாக இருந்தால் செமஸ்டர் பாதியிலேயே கொடுத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் கொடுத்தால் அக்கா வாங்கி வைத்துக்கொள்வார், ஆனால் கேட்டுப் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது.